காளத்திப் படத்துக்கு ஏன் அருங்காட்சியகம் இல்லை?

சீன இசைநாடகப் படமொன்று அருங்காட்சியகத்தில் திரையிடப்படும்போது அரங்கில் ஓர் ஒழுக்கம் தானாக வந்து அமர்ந்துகொள்கிறது. வாயிலில் கையேடு தரப்படுகிறது. படத்துக்கு முன் அறிஞர் ஒருவர் எழுந்து அறிமுகம் செய்கிறார்: நடிகையின் கையிலுள்ள குஞ்சம் கட்டிய சாட்டைதான் குதிரை, ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் மலையாகும், அரண்மனையாகும், நீண்ட வெண்கைத்துணியின் வீச்சில் துயரத்தின் அளவைப் படிக்க வேண்டும். பாட்டு எவ்வளவு நீண்டாலும் எவரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. இது படமா, படம் பிடிக்கப்பட்ட நாடகமா என்ற கேள்வி அங்கே எழுவதேயில்லை. எழுப்புகிறவர் கல்லாதவராகிவிடுவார்.

இதே பார்வையாளர் முன் 1954-இல் வெளிவந்த ‘காளஹஸ்தி மகாத்மியம்’ என்னும் தெலுங்குப் படத்தை ஓட்டிப் பார்க்கலாம். வேடன் கோலத்தில் ராஜ்குமார் பாடத் தொடங்கியதும் பின்வரிசையில் நமட்டுச் சிரிப்பு ஒன்று கிளம்பும். கையேடு இராது, அறிமுகம் இராது. ‘பக்திப் படம்’, ‘நாடகத்தனம்’ என்னும் இரண்டு சொற்களே மதிப்புரைக்குப் போதுமானவையாக இருக்கும். சீனத்துக்காரன் மேடையைத் திரைக்குக் கொண்டுவந்தால் செவ்வியல். குப்பி வீரண்ணாவின் நாடகக் குழுவினர் கொண்டுவந்தால் பின்தங்கிய ரசனை. இந்த இரட்டை அளவுகோல் தமிழ்க் கல்வியுலகில் ஒருவித நாகரிகமாகவே நிலைபெற்றுவிட்டது. அதைக் கலைத்துப் பார்க்காமல் ‘உலக சினிமா’ என்று எத்தனை திரையிடல்கள் நடத்தினாலும் அவை விருந்தாளிக்கு இலை போட்டு வீட்டாரைத் திண்ணையில் நிறுத்தும் வேலையே.

படத்தின் பிறப்பை முதலில் சொல்லியாக வேண்டும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. குப்பி நாடகக் குழுவின் மேடையிலிருந்து வந்த கண்ணப்பன் கதையை, காரைக்குடிச் செட்டியாரான ஏ.வி. மெய்யப்பனின் துணையோடு, எச்.எல்.என். சிம்ஹா ‘பேடர கண்ணப்பா’ என்று 1954-இல் கன்னடத்தில் இயக்கினார். முத்துராஜு என்ற மேடை நடிகருக்கு ராஜ்குமார் என்ற பெயர் கிடைத்ததும் அந்தப் படத்தில்தான். அவர் ஊரான காஜனூர் இன்று தமிழ்நாட்டின் தாளவாடிப் பகுதியில் இருக்கிறது. அதே ஆண்டு, அதே இயக்குநர், அதே நாயகன், தெலுங்கில் ‘காளஹஸ்தி மகாத்மியம்’. ராஜ்குமார் நடித்த ஒரே தெலுங்குப் படம் அது. அடுத்த ஆண்டு இந்தியில் ‘சிவ பக்தா’. கன்னட, தெலுங்குப் படங்களுக்கு இசை ஆர். சுதர்சனம். சேக்கிழார் தமிழில் பாடிய வேடனின் கதை, கன்னட மேடை வழியாக, சென்னைப் பட முதலாளியின் துணையோடு, தெலுங்கு ஊரின் பெயரைத் தாங்கி வெளிவந்திருக்கிறது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிரிந்து, சென்னை யாருக்கு என்ற சண்டையின் சூடு ஆறாதிருந்த காலம் அது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இதற்கு இணையாக வைத்துப் பார்க்கத் தக்க சீனப் படம் ‘தியன் ஷியன் பெய்’. 1955-இல் ஷி ஹுய் இயக்கியது. ஹுவாங்மெய் என்னும் வட்டார இசைநாடக மரபைச் சேர்ந்தது. தந்தையை அடக்கம் செய்யப் பணமில்லாமல் தன்னையே அடிமையாக விற்றுக்கொண்ட தோங் யோங் என்ற ஏழையை, விண்ணுலகிலிருந்து இறங்கிவந்த ஏழாவது தேவகன்னி மணக்கிறாள். யான் ஃபெங்யிங் அந்தத் தேவகன்னியாகப் பாடினார். பழைய நாடக வடிவத்தில் மகனின் தந்தைப் பாசத்துக்குப் பரிசாக விண்ணரசனே கன்னியை அனுப்பிவைப்பான். 1950களின் நாடகச் சீர்திருத்தம் அதை மாற்றியது. இப்போது அவள் தன் விருப்பத்தால் இறங்கிவருகிறாள். விண்ணரசன் அவளைப் பிடித்திழுத்துக்கொண்டு போகிறான். மேலுலகின் அருள் என்றிருந்த கதை, மேலுலகத்துக்கு எதிரான காதல் கதையாயிற்று.

காளத்திக் கதைக்கு என்ன நேர்ந்தது? பெரியபுராணத்தில் திண்ணன் உடுப்பூர் வேடர்தலைவன் நாகனின் மகன். அவன் வேடன், வேறொன்றும் அல்லன். இறைச்சியைச் சுவைத்துப் பார்த்துப் படைப்பதும் வாயில் கொணர்ந்த நீரால் திருமஞ்சனம் செய்வதும் அவன் வாழ்முறையின் இயல்பான நீட்சி. சேக்கிழார் அந்த வேடத்தன்மைக்கு எந்த மன்னிப்பும் கேட்கவில்லை. எதிர்முனையில் நிற்கும் சிவகோசரியாரும் கெட்டவர் அல்லர். ஆகம நெறி பிழைத்ததே என்று உண்மையாகவே வருந்துகிற பக்தர். நாடகமேடை இவ்விரண்டையும் மாற்றிவிட்டது. 1954-ஆம் ஆண்டுப் படத்தில் திண்ணனும் அவன் மனைவி நீலாவும் விண்ணுலகிலிருந்து தள்ளப்பட்டு வேடர்குலத்தில் பிறந்தவர்கள். தலைமை அர்ச்சகரோ வேடனைத் துன்புறுத்தும் வில்லன். ஒரு கையால் பூசாரியை அடித்துவிட்டு, மறுகையால் வேடனின் வேடத்தன்மையைப் பறித்துக்கொள்கிறது கதை. உயர்ந்த பக்தி உயர்ந்த பிறப்பிலிருந்துதான் வர முடியும் என்ற பழைய அச்சம், அர்ச்சக எதிர்ப்பு என்ற புதிய துணிவோடு ஒரே சட்டகத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஓராண்டு இடைவெளியில் வந்த இரண்டு படங்கள். இரண்டிலும் விண்ணுலகத்தார் மண்ணுக்கு வருகிறார்கள்: சீனத்தில் விரும்பி, காளத்தியில் சாபத்தால். ஒன்றில் உழைப்பாளியின் பக்கம் வானம் இறங்குகிறது. மற்றதில் வேடனுக்குள் வானம் ஒளித்துவைக்கப்படுகிறது. ஒப்பியல் ஆய்வுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் கண்ணப்பர் குறித்த ஆய்வேடுகள் பெரும்பாலும் சேக்கிழாரோடு நின்றுவிடுகின்றன. மிகுந்த துணிச்சல் கொண்டவை நக்கீரரும் கல்லாடரும் பாடிய திருமறங்கள் வரை போகும். தூர்ஜடி 16-ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் பாடிய காளஹஸ்திக் காவியத்தைத் தொடுகிறவர்கள் சிலரே. மேடைக்கும் திரைக்கும் வந்து கதை உருமாறிய அந்த இடத்தை, இருபதாம் நூற்றாண்டு மக்கள் கண்ணப்பனை உண்மையில் கண்ட இடத்தை, எவரும் தொடுவதில்லை. அது ‘நாடகத்தனம்’ ஆயிற்றே.

அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1947-இல் கல்கத்தா திரைப்படச் சங்கம் தொடங்கியது முதல், கேமராவின் மொழி தனி, மேடையின் மொழி தனி என்ற பாடம் படிப்படியாகப் பரவியது. அந்தப் பாடத்துக்குத் தேவை இருந்தது. அதன் பயனாக நல்ல படங்களும் கிடைத்தன. தமிழிலும் சு. தியடோர் பாஸ்கரன் போன்றோர், கம்பெனி நாடகத்தின் பிடியில் காட்சிமொழி வளராமல் போனதைச் சுட்டினார்கள். அது வரலாற்றாய்வாளரின் கூற்று. பழைய படங்களைத் தேடித் தேடிப் பதிவுசெய்தவரும் அவரே. அவருக்குப் பின்வந்தோர் தேடலை விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வில் ஒரு விளக்கமாக இருந்தது, அடுத்த தலைமுறையின் வாயில் வசைச்சொல்லாயிற்று. வசைச்சொல்லுக்குச் சான்று தேவையில்லை. படம் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை.

நாடகத்தனம்தான் உண்மையான குறையென்றால் ‘பராசக்தி’யை என்ன செய்வது? அதுவும் மேடையிலிருந்து வந்த கதை. அதுவும் ஏவி.எம். தொடர்புடைய படம். இசை அதே சுதர்சனம். ‘பேடர கண்ணப்பா’வில் நீலாவாக வந்த பண்டரிபாய்தான் அதிலும் நாயகி. கோயிலுக்குள் கொடுமை செய்யும் பூசாரி 1952-இல் அங்கே இருக்கிறான்; கோயிலுக்குள் கொடுமை செய்யும் அர்ச்சகன் 1954-இல் இங்கே இருக்கிறான். ஒன்று பாடத்திட்டத்தில் ஏறியது. மற்றது பக்திப் பட்டியலில் புதைந்தது. ஒன்று திராவிட அரசியலின் ஆவணம். மற்றது பாமரரின் கண்ணீர். ஒரே காலச் சூழல், ஒரே கலைஞர்கள், ஒரே மேடைமொழி, ஏறத்தாழ ஒரே வில்லன். பகுத்தறிவு பேசினால் நாடகத்தனம் மன்னிக்கப்படும், சிவனைப் பாடினால் மன்னிக்கப்படாது என்பதே நடைமுறை என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நேர்மை. வடிவத்தின் மேல் பழியைப் போடுவது நேர்மை ஆகாது.

அரங்கவியலார் இந்தப் பிழையைச் செய்யவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 1935-இல் மாஸ்கோவில் மெய் லான்ஃபாங்கின் நடிப்பைக் கண்ட பிரெக்ட், அதிலிருந்து ஒரு நடிப்புக் கோட்பாட்டையே வகுத்துக்கொண்டார். பாத்திரமாக உருகிக் கரையாமல், பாத்திரத்தைக் காட்டி நிற்கும் நடிப்பு அவரை ஈர்த்தது. தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்தில் ஆள்பிடித்த திரைக்குப் பின்னிருந்து பாடிக்கொண்டே வேடதாரி வெளிப்படும்போதும், கட்டியங்காரன் இடைபுகுந்து கேலி பேசும்போதும் நடப்பது அதற்குத் தொலைவான ஒன்றல்ல. ந. முத்துசாமியும் கூத்துப்பட்டறையும் புரிசை கண்ணப்பத் தம்பிரானைத் தேடிப் போனது இதை உணர்ந்துதான். (அந்தக் கலைஞரின் பெயரும் கண்ணப்பன் என்பது தற்செயல், ஆயினும் இனிய தற்செயல்.) சித்தூர் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவின் பாரதக் கூத்துக்குத் தமிழ், தெலுங்கு என்ற வேலி கிடையாது. தமிழர் தெருக்கூத்து என்பதைத் தெலுங்கர் வீதிநாடகம் என்பர். ஆகவே காளத்தி வட்டாரத்தில் 1954-இல் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குக் கையேடு தேவைப்படவில்லை. பாடிக்கொண்டே தன்னை அறிவித்து வரும் பாத்திரத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். இன்றைய ஆய்வு மாணவருக்குத்தான் கையேடு தேவை.

இங்கே ஒரு மறுப்பு எழும்: சீனம் தன் இசைநாடகப் படங்களைப் போற்றியது அரசியல் கணக்கால் அல்லவா? ஆம். 1954 ஜெனீவா மாநாட்டில் ‘லியாங் ஷான்போவும் ஜூ யிங்தாயும்’ என்ற வண்ணப் படத்தை வெளிநாட்டினருக்குப் போட்டுக்காட்டிய சூ என்லாய், நீண்ட விளக்கம் எதுவும் வேண்டாம், ‘சீனத்து ரோமியோ ஜூலியட்’ என்று சொன்னால் போதும் என்றார். அது பண்பாட்டுப் பணி மட்டுமன்று, அரசதந்திரமும்கூட. அதைவிடக் கொடிய பக்கமும் உண்டு. ‘தியன் ஷியன் பெய்’யை இயக்கிய ஷி ஹுய், 1957-இல் வலதுசாரிகளுக்கு எதிரான இயக்கத்தில் கண்டனக் கூட்டங்களில் நிறுத்தப்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். தேவகன்னியாகப் பாடிய யான் ஃபெங்யிங், பண்பாட்டுப் புரட்சியின் கொடுமையில் 1968-இல் அதே முடிவை அடைந்தார். கோடிக்கணக்கானோர் பார்த்த படத்தைத் தந்த இருவரையும் அந்நாட்டு அரசே அழித்தது. படம் மட்டும் மிஞ்சியது.

சீன அரசைப் பின்பற்றச் சொல்வது இந்த வாதத்தின் நோக்கமே அன்று. படம் மிஞ்சியதால்தான் அந்தக் கொடுமையைப் பற்றி இன்று பேச முடிகிறது. அருங்காட்சியகத்தில் அந்தக் குரல் ஒலிக்கும்போது, அதை அடக்கியவர்களின் பெயரும் கூடவே எழுகிறது. 2001-இல் சாய் வான் ஹோவில் தனக்கென ஒரு கட்டடத்தில் திறக்கப்பட்ட ஹாங்காங் திரைப்பட ஆவணக் காப்பகம், கன்டனீஸ் இசைநாடகப் படங்களைத் திரட்டி, மீட்டெடுத்து, திரையிட்டு வருகிறது. அப்படங்களில் பல விரைவாகவும் சிக்கனமாகவும் எடுக்கப்பட்டவை. அவற்றை உன்னதங்கள் என்று அக்காப்பகம் வாதாடவில்லை. ஒரு மரபு எப்படிப் பாடியது, எப்படி நடந்தது, எப்படிக் கையை உயர்த்தியது என்பதற்கு அவையே சான்று என்று கருதுகிறது. காக்க அந்தக் காரணம் போதும்.

இந்தியாவில் ஆவணக் காப்பகம் இல்லாமல் இல்லை. 1964-இல் பி.கே. நாயர் முயற்சியால் புனேயில் உருவான தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் காத்தவை ஏராளம். ஆயினும் காப்பதற்குள் போனவையும் ஏராளம். தமிழும் தெலுங்கும் ஒரே படத்தில் பேசிய ‘காளிதாஸ்’ (1931) இன்று எவர் கண்ணுக்கும் கிடையாது. அண்மைக்காலத்தில் மீட்டெடுக்கப்பட்டு உலக விழாக்களுக்குப் போன தென்னிந்தியப் படங்களைப் பார்த்தால் ஒரு சாய்வு தெரியும்: அரவிந்தனின் ‘தம்பு’, ‘கும்மாட்டி’, சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உதயசங்கர் எடுத்த ‘கல்பனா’. மூன்றும் காக்கப்பட வேண்டியவையே; ஐயமில்லை. ஆனால் மூன்றும் நவீனக் கலைஞர் என்று ஏற்கப்பட்ட ஒருவரின் கையெழுத்தைத் தாங்கியவை. நாடகக் குழுவின் கூட்டுக் கையெழுத்தைத் தாங்கிய படத்துக்கு அந்த வாயில் எளிதில் திறப்பதில்லை.

மொழிவாரி மாநிலங்களின் தாழ்ப்பாளும் இதில் சேர்ந்துகொள்கிறது. கர்நாடகம் ‘பேடர கண்ணப்பா’வை நினைக்கிறது, ஆனால் ராஜ்குமார் நாயகனாக நடித்த முதல் படமாக, ஒரு நட்சத்திர வரலாற்றின் முதல் பக்கமாக மட்டும். தெலுங்கர்களுக்குக் கண்ணப்பன் என்றால் 1976-இல் பாபு இயக்கிய ‘பக்த கண்ணப்பா’. தமிழருக்கு இரண்டும் அயல்மொழிப் படங்கள். வேங்கடத்தை இழந்தோம், சித்தூரை இழந்தோம் என்று வடக்கெல்லைப் போராட்டத்தை ஆண்டுதோறும் நினைவுகூரும் தமிழ்க் கல்வியுலகம், அந்த எல்லை உறுதிப்படுவதற்கு முன் சென்னையோடு பிணைந்து உருவான காளத்திப் படத்தைத் தனதாகக் கருதுவதில்லை. மண்ணுக்கு அழத் தெரிந்தவர்களுக்குப் படச்சுருளுக்கு அழத் தெரியவில்லை.

காளஹஸ்தியே இதற்கு நல்ல சான்று. கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய இராஜகோபுரம் 2010 மே 26 அன்று சரிந்தது. நாடு முழுவதும் செய்தியாயிற்று. 2017-இல் புதிய கோபுரம் எழுந்தது. அவ்வூரின் கலம்காரித் துணி புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வரையப்பட்ட இராமாயணத் துணி லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதை சொல்லும் துணி அருங்காட்சியகப் பொருளாகலாம், கதை சொல்லும் திரை ஆகக் கூடாதா? துணியில் வரைந்த அதே புராணத்தைத்தான் செல்லுலாய்டில் வரைந்தார்கள். இதற்கிடையே 2025-இல் வெளிவந்த ‘கண்ணப்பா’வின் பெரும்பகுதி நியூசிலாந்தில் எடுக்கப்பட்டது. பொன்முகலிக் கரைக் காட்டுக்குப் பதிலாகப் பூமியின் மறுகோடியில் ஒரு காடு. அதை எவரும் நாடகத்தனம் என்று சொல்லவில்லை. ‘பிரம்மாண்டம்’ என்று சொன்னார்கள்.

சேக்கிழாரின் கதையில் சிவகோசரியார் ஒவ்வொரு நாளும் வந்து எலும்பையும் இறைச்சியையும் அலகிட்டுக் கழுவித் தூய்மை செய்துவிட்டுப் போகிறார். யார் இதைச் செய்கிறார்கள் என்று பொறுமையாக நின்று பார்க்கவே இல்லை. ஆறாம் நாள் மறைந்து நின்று பார்க்கும்படி கனவில் பணிக்கப்படுகிறார். பார்க்கிறார். தமிழ்த் திரைத் திறனாய்வு இன்னும் ஐந்தாம் நாளில்தான் நிற்கிறது. மேடையின் எச்சங்களைத் திரையிலிருந்து கூட்டித் தள்ளுவதையே தூய்மை என்று நம்புகிறது.

செய்ய வேண்டியது கடினமானதன்று. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் நான்கும் இணைந்து கண்ட குப்பம் திராவிடப் பல்கலைக்கழகம் சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. திருப்பதியில், இந்தப் படம் வெளிவந்த அதே 1954-இல் தொடங்கிய வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒலி-ஒளிக் காட்சி கண்ட சந்திரகிரிக் கோட்டையில் ராஜமகால் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரே மாலையில் ‘தியன் ஷியன் பெய்’யையும் ‘காளஹஸ்தி மகாத்மிய’த்தையும் அடுத்தடுத்துத் திரையிடலாம். கன்னட, தெலுங்கு, இந்தி வடிவங்களில் எந்தப் பிரதி எங்கே எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்க ஓர் ஆய்வு மாணவருக்கு ஓராண்டு உதவித்தொகை தரலாம். வேடர் மரபில் வந்த சமூகத்தினரை அழைத்து, இந்தப் படம் அவர்களை எப்படிக் காட்டுகிறது என்று கேட்கலாம். அந்தக் கேள்வி தவிர்க்கப்பட்டால் திரையிடலே வீண். சீனப் படத்துக்கு அறிமுகம் சொல்லப் பேராசிரியர் வரட்டும். காளத்திப் படத்துக்கு அறிமுகம் சொல்லக் கூத்து வாத்தியார் ஒருவர் வர வேண்டும். இருவரின் பெயரும் அழைப்பிதழில் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். மதிப்பூதியமும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.